பேரனைத் தூக்கத்திலேயே தூக்கிப் போகலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 58 வயது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அங்கேயே பால் வெட்டினேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கி, முட்டி தேய்ந்ததும் நின்றுவிட்டேன். லயத்து வீட்டைக் காலி செய்து இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். வீட்டுக்காரர் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரனைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் அவனுக்கு ஒரு வயது. மகளும் மருமகனும் ஜொகூர் பாருவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் மோட்டாரில் சிங்கப்பூர் போய் வேலை செய்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால்தான் நெரிசலுக்கு முன் பாலத்தைத் தாண்டலாம். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகும். அதனால் பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். மாதத்தில் ஒரு தடவை வருவார்கள், முடிந்தால் இரண்டு. மற்ற நாளெல்லாம் போனில்தான் முகம் பார்ப்பது.

அவன் என்னிடம் வளர்ந்தது எப்படி என்று சொன்னால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும். இங்கே பகல் பன்னிரண்டுக்கு மேல் குசினியில் நிற்க முடியாது, தகரக் கூரை கொதிக்கும். பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் பிளாஸ்டிக் பேசினைப் போட்டு அரைவாசி தண்ணீர் ஊற்றி அவனை உட்கார வைப்பேன். இரண்டு கையாலும் தண்ணீரை அடிப்பான். சில நேரம் தண்ணீர் மூக்கில் ஏறிவிடும். அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் சிரித்தால் அவனும் சிரிப்பான். நான் பதறிவிட்டால் வீல் என்று கத்துவான். பிறகு கஞ்சி. அதன் பிறகு என் பழைய கைலியில் கட்டிய ஸ்பிரிங் தொட்டில். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குக் கண் செருகும். குனிந்தபடி நின்று என் இடுப்பு போய்விட்டது. ஆனாலும் கையை எடுத்துவிட மனசு வராது.

இந்தப் பள்ளி லீவுக்கு வீடு நிறைந்துவிட்டது. மூத்தவன் பிள்ளைகள் கிள்ளானிலிருந்து வந்திருக்கிறார்கள். சின்னவன் போலிடெக்னிக் லீவில் இருக்கிறான். டுரியான் சீசன் வேறு, வாசலில் எப்போதும் யாராவது உட்கார்ந்து பழம் பிளந்துகொண்டிருக்கிறார்கள். மகளும் மருமகனும் இரண்டு வாரம் லீவு போட்டு வந்தார்கள். மகள் பை நிறையச் சட்டையும் பொம்மையும் வாங்கி வந்து, காடியை (காரை) விட்டு இறங்கியதும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவன் அவளைப் பார்த்தான், கீழ் உதடு பிதுங்கியது, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். போனில் அவள் முகம் தெரிந்தால் அதையே நக்குகிற பிள்ளை!

முதல் நாள் சரியாகிவிடும் என்று சிரித்தாள். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்டது. அன்றைக்கு ராத்திரி, "நீங்கதாம்மா அவன உங்களோடயே ஒட்ட வெச்சிட்டீங்க. நான் பெத்தவளா, விருந்தாளியா?" என்று கேட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவள் அவனைத் தூக்க வந்தாலே, எங்கே அழுதுவிடுவானோ என்று எனக்கு நெஞ்சு இறுகுகிறது. ஒரு விஷயம், யாரிடமும் சொன்னதில்லை: அவளிடமிருந்து திமிறிக்கொண்டு அவன் என்னிடம் தாவும்போது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. பெற்ற மகள் அழுகிறாள், எனக்குச் சந்தோஷம் வருகிறதே, நான் என்ன பிறவி?

இனி அவர்கள் முடிவு. மகள் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ஜொகூர் பாருவிலேயே ஒரு கம்பெனியில் சேரப் போகிறாள். பிள்ளையை அங்கே ஒரு நர்சரியில் போடுவார்களாம். பிறந்தநாளுக்கு டேவான் (மண்டபம்) எடுத்தாயிற்று, முந்நூறு பேர். காலையில் தோட்டத்துக் கோயிலில் மொட்டை, அங்கேயே தாய்மாமன் மடியில் காதுகுத்து, சாயங்காலம் கேக், பாட்டு, கேட்டரிங் சாப்பாடு. அது முடிந்த ராத்திரியே, அவன் தூங்கியதும் காடியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்விட வேண்டும் என்று மருமகன் சொல்கிறார். "முழிக்கும்போது ஜேபில (ஜொகூர் பாருவில்) இருப்பான். ரெண்டு நாளு அழுவான், அப்புறம் மறந்துடுவான்." அதற்கு முந்தின ஒரு வாரம் நான் குளுவாங்கில் என் தங்கை வீட்டில் போய் இருக்க வேண்டுமாம், பிள்ளை அவர்களிடம் பழகுவதற்கு. என் வீட்டுக்காரரும் அதற்குத் தலையாட்டுகிறார்.

மருமகன் கெட்டவர் இல்லை. ஆனால் போனில் யாரிடமோ, "மாசாமாசம் காசு குடுக்கிறோமே, சும்மாவா பாக்கிறாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. மாதம் அறுநூறு வெள்ளி (ரிங்கிட்) தருகிறார்கள், உண்மைதான். பால் மாவும் பேம்பர்ஸும் போக என்ன மிஞ்சும் என்று கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

என் மகளையும் நான் ஆயாக்கொட்டாயில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போனேன். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னால் இருட்டோடு தூக்கிக்கொண்டு போய் விடுவேன். வேலை முடிந்து வந்து கூப்பிட்டால் ஆயாவின் சேலையை விடமாட்டாள். அப்போது எனக்கு அழ நேரமில்லை. இப்போது ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கிறேன். சோறு இறங்கவில்லை. படபடவென்று வருகிறது.

தூக்கத்திலேயே தூக்கிப் போவது சரியா? நான் விலகி இருக்க வேண்டுமா? மூன்று வயது வரைக்கும் என்னிடமே இருக்கட்டும் என்று கேட்டால் தப்பா? சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
ஒரு பாட்டி, லாபிஸ் வட்டாரம்.

•

அன்புள்ள அம்மா,

பிறந்தநாள் நெருங்கிவிட்டதால் அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உங்கள் மருமகன் இதைப் பிள்ளை மேல் உள்ள இரக்கத்தில்தான் யோசித்திருக்கிறார், அழுகையைத் தவிர்க்கப் பார்க்கிறார். ஆனால் அழுகை எங்கும் போகாது, நடுராத்திரிக்கு மாறும், அவ்வளவுதான்.

இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு சங்கடமான அறிவு வந்திருக்கும். ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இருக்கிறார் என்பது தெரியும். அதனால் தேடுவான். ஆனால் "பாட்டி அடுத்த வாரம் வருவார்" என்பது அவனுக்குப் புரியாது. நேற்று, நாளை, ஜொகூர் பாரு எதுவும் அவன் கணக்கில் இல்லை. உங்கள் காது மடலைப் பிடித்தபடி கண்ணை மூடியவன், திறக்கும்போது வேறு சுவர், வேறு விசிறிச் சத்தம், நீங்கள் இல்லை. அதிலிருந்து அவன் ஒன்றைக் கற்றுக்கொள்ளக்கூடும்: தூங்கினால் ஆள் போய்விடும். பிறகு கண்ணை மூடவே பயப்படுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு புது வேலைக்குப் போகிற உங்கள் மகள்தான் ராத்திரியெல்லாம் அல்லாட வேண்டியிருக்கும். மருமகனிடம் இதை இப்படியே சொல்லலாம். போகட்டும், பகலில் போகட்டும். அவன் விழித்திருக்கும்போது, நீங்களும் அதே காடியில் பின் சீட்டில் உட்கார்ந்து போங்கள்.

அடுத்தது குளுவாங். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் அந்த ரம்புத்தான் மரத்தடிப் பேசின்தான். தண்ணீர் மூக்கில் ஏறியதும் உங்கள் முகத்தைப் பார்க்கிறான், நீங்கள் சிரித்தால் சிரிக்கிறான், பதறினால் கத்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயதுப் பிள்ளைகளிடம் இதையே ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு அது. கெட்டிக் கண்ணாடி பதித்த ஒரு மேசை. அதன் பாதிக்கு மேல் தரை கீழே இறங்கிப் பள்ளம்போல் தெரியும், ஆனால் கண்ணாடி தாங்கும், விழ முடியாது. அந்த விளிம்பு வரைக்கும் தவழ்ந்து வரும் பிள்ளை, எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 பிள்ளைகளில் 14 பேர் பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். பயந்த முகத்தோடு நின்றபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. யாரும் வா என்றோ வராதே என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் மட்டும்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். மகள் கையை நீட்டிக்கொண்டு வருகிறாள். பிள்ளை உங்களைப் பார்க்கிறான். உங்கள் நெஞ்சு இறுகியிருக்கிறது, அழுதுவிடுவானோ என்று நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவன் அதைப் படித்துவிடுகிறான். எதிரே வருகிறவளிடம் ஏதோ பயப்பட வேண்டியது இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறான். இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் அந்த நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள், டுரியான் பிளக்கிறவர்கள் உட்பட. நான் சொல்ல வருவது வேறு: அவன் யாரை நம்பலாம் என்று கேட்பது உங்கள் முகத்திடம். அந்த முகத்தைக் குளுவாங்குக்கு அனுப்பிவிட்டால் அவன் யாரிடம் கேட்பான்? நீங்கள் விலகினால் அவன் மகளிடம் ஒட்டிக்கொள்வான் என்பது கணக்குப் போட்டால் சரியாக வரும், பிள்ளையிடம் அப்படி வராது. அவன் அம்மாவிடம் போக வேண்டிய வழி உங்கள் மடி வழியாகத்தான் இருக்கிறது.

ஆகவே மிச்சமிருக்கிற நாட்களில் இப்படிச் செய்து பாருங்கள். மகள் அவனைத் தூக்க வர வேண்டாம். நீங்கள் தரையில் உட்காருங்கள், அவள் உங்களை ஒட்டி உட்காரட்டும், தோளோடு தோள். இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசுங்கள், அவனைப் பற்றி இல்லாமல் வேறு எதையாவது. கடன் தராதவரைப் பற்றிப் பேசினாலும் சரி. நீங்கள் அவளோடு சிரித்துப் பேசுவதை அவன் பார்க்க வேண்டும். அவன் தானாக வந்து அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நிற்பான். அப்போதும் அள்ளிக்கொள்ளக் கூடாது. அது அவளுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து வாங்கி விளையாடினால் போதும்.

பிறகு வேலைகளை ஒவ்வொன்றாக முழுதாக அவளிடம் விடுங்கள். பேசின் குளியலில் ஆரம்பிக்கலாம், அவனுக்கு அதைவிடச் சந்தோஷமான நேரம் இல்லை. தண்ணீரில் உட்கார வைப்பது, துடைப்பது, பவுடர், சட்டை எல்லாம் அவள். நீங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருங்கள். அவன் திரும்பிப் பார்த்தால் தலையை ஆட்டிச் சிரியுங்கள். இரண்டொரு நாளில் கஞ்சி ஊட்டுவது அவள் கைக்குப் போகட்டும். தூக்கத்தை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் எந்தப் பிள்ளைக்கும் கடினம். முதலில் நீங்கள் தொட்டிலை ஆட்டும்போது அவள் கூட நிற்கட்டும். பிறகு அவள் ஆட்ட, நீங்கள் கூட நில்லுங்கள். காது மடலை அவள் கொடுத்துப் பார்க்கட்டும். தோடு பெரிதாக இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் நீங்கள் கடைக்குப் போய் வாருங்கள். போகும்போது ஒளிந்து போகாமல் "பாட்டி போய்ட்டு வரேன்" என்று சொல்லி, கை ஆட்டிவிட்டுப் போங்கள். அழுவான். திரும்பி வந்து "வந்துட்டேன்" என்று அதே குரலில் சொல்லுங்கள். போனவர் வருவார் என்பதை அவனுக்கு வேறு எப்படியும் சொல்லிக் கொடுக்க முடியாது. துண்டால் முகத்தை மூடித் திறந்து விளையாடுகிறோமே, அதுவும் இந்தப் பாடம்தான். பேரப்பிள்ளைகளை அவனோடு அதை விளையாடச் சொல்லுங்கள், அவர்களுக்கும் வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

ஜொகூர் பாருவுக்குப் போகும்போது அந்தக் கைலியைத் துவைக்காமல் கொண்டுபோங்கள், உங்கள் வாசம் அதில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கையும் கொக்கியையும் மாட்டும் இடத்தில் மருமகனை ஒரு தடவை பலமாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்கிற வயதில் தொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து விழுகிற பிள்ளைகள் உண்டு, ஆள் இல்லாமல் விட வேண்டாம். நீங்கள் அங்கே இரண்டு மூன்று வாரமாவது தங்க முடியுமா என்று பாருங்கள். நர்சரி சமூக நல இலாகாவில் பதிவு பெற்றதா என்று மகள் கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வயது வரைக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. முதல் சில நாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று விடச் சம்மதிக்கிறார்களா என்றும் கேட்கட்டும். சம்மதிக்காத இடமாக இருந்தால், என் அபிப்பிராயத்தில் வேறு இடம் தேடுவது நல்லது.

அவன் உங்களோடு ஒட்டிக்கொண்டதால் அவளுக்கு இடமில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைப்பதுபோல் தெரிகிறது. 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒருவரோடு நிற்காமல் பல பேரிடம் ஒட்டியிருந்தார்கள்: அப்பா, பாட்டி, தாத்தா, அண்ணன், அக்கா. சோறு ஊட்டியவர் யார் என்பதைவிட, கூப்பிட்டதும் முகம் கொடுத்தவர் யார் என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆகவே உங்கள் மகள் எதையும் தவறவிட்டுவிடவில்லை. போனில் சிரிப்பவன் நேரில் ஏன் அழுகிறான் என்று கேட்டால், போனில் அவள் உள்ளங்கை அளவு முகம். நேரில் வந்தது உயரமான, புது வாசம் அடிக்கிற, கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிற ஓர் ஆள். எட்டாம் மாதத்திலிருந்து புது ஆளைக் கண்டு பிள்ளைகள் மிரள்வது வளர்ச்சியின் அடையாளம். இதை நீங்கள் சொன்னால் சமாதானம் செய்கிறீர்கள் என்று நினைப்பாள், இந்தப் பக்கத்தை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை வேகமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் சிங்கப்பூர் வேலையை விடுகிறாள். மலேசிய வெள்ளியில் மாற்றிப் பார்த்தால் அந்தச் சம்பளம் என்ன, ஜொகூர் பாருவில் கிடைப்பது என்ன என்று நம் ஊரில் தெரியாதவர் யார்? அவ்வளவையும் விட்டுவிட்டு வருகிறவளிடம் பிள்ளை வரவில்லை. "பெத்தவளா, விருந்தாளியா" என்று உங்களைக் கேட்டது கோபம் மாதிரித் தெரிந்தாலும், அவள் தன்னையேதான் கேட்டுக்கொள்கிறாள் என்று எனக்குப் படுகிறது. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்றீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் சில வாரத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறோம், முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அது தலைகாட்டலாம். லீவு முடிந்த பிறகும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லட்டும். பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, அதை வைத்துப் பார்ப்பார்கள். யாரிடமும் நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் (மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றி. பெரிதாக ஒன்றுமில்லை, அம்மா. எட்டு ஒன்பது மாதம் இடுப்பு ஒடிய ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்கு, அவன் தன்னிடம் தாவும்போது சந்தோஷம் வராவிட்டால்தான் நான் யோசிப்பேன். மகள் அழுவதைப் பார்த்து வந்த சந்தோஷமல்ல அது. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடப்பதால் கலந்து தெரிகிறது.

ஆயாக்கொட்டாயை நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆயாவின் சேலையை விடாத பிள்ளை, வளர்ந்து கல்யாணமாகி, பெற்ற பிள்ளையை நம்பி யாரிடம் கொண்டுவந்து விட்டாள்? இதை ஒரு நாள் அவளிடம் சொல்லுங்கள். அந்த நாட்களில் இருட்டில் தூக்கிக்கொண்டு போனது, சாயங்காலம் அவள் வர மறுத்தது, அழ நேரமில்லாமல் போனது எல்லாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. இப்போது அவளுக்கு நேர்வது உங்களுக்கும் நேர்ந்தது என்று தெரிந்தால், இந்த வீட்டில் அவளுக்கு ஒரு துணை கிடைக்கும்.

மூன்று வயது வரைக்கும் கேட்கலாமா என்றால், கேட்க வேண்டாம் என்பேன். பெற்றவர்கள் வேலையை மாற்றிக்கொண்டு பிள்ளையை வைத்துக்கொள்ள வருகிறார்கள், அதற்கு வழிவிட வேண்டும். ஆனால் தேதியைக் கேட்கலாம். பிறந்தநாள் ராத்திரிக்குப் பதிலாக ஒரு மாதம் தள்ளி, நீங்களும் கூடப் போய் விட்டுவிட்டு வருகிற மாதிரி. மருமகன் முன்னால் வேண்டாம், மகளிடம் தனியாக, அரிசி களையும்போதோ துணி காயப்போடும்போதோ சொல்லுங்கள்: "அவன் உன் பிள்ளதான், உன்கிட்டதான் வளரணும். பழக்கிவிட எனக்கு ஒரு மாசம் குடு." பணப் பேச்சையும் அவளிடமே சொல்லலாம், ஆனால் வேறொரு நாளில். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னால், ஒரு மாதம் கேட்டது காசுக்கு என்று ஆகிவிடும். கணக்கு நோட்டைக் காட்ட வேண்டியதில்லை. "அந்தப் பேச்சு மனசுல தைச்சுடுச்சு" என்றால் போதும், அவள் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும்.

டேவான் விழாவை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். முதல் பிறந்தநாள் பெரியவர்களுடைய விழா, அதில் தப்பு ஒன்றுமில்லை. தூரத்தில் கிடக்கிற சொந்தமெல்லாம் ஒரு நாள் கூடட்டும். ஆனால் மொட்டை, காதுகுத்து, முந்நூறு பேர், பாட்டு, இவை எல்லாம் ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு அதிகம். மொட்டையை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்து, தலைக்குத் துணித்தொப்பி போடுங்கள். காதுகுத்தை இன்னொரு நாளுக்கு வைத்தால் தாய்மாமன் கோபித்துக்கொள்ள மாட்டார். சாயங்காலம் அவன் தூங்கி எழுந்த பிறகு கொண்டுபோய், கேக் வெட்டி, ஸ்பீக்கருக்குத் தூரமாக ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். மற்றவர்கள் ஆடிக்கொள்ளட்டும். கேக் வெட்டும்போது மகள் மடியில் உட்காரட்டும், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், போட்டோவில் நீங்களும் இருப்பீர்கள். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கச் சொல்லி ஒரு பையனை நிறுத்துங்கள், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. புகைமூட்டம் இருக்கிற வாரமாக இருந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டியிருந்தால், வெளியில் கேனோபி போட்டு அவனை உட்கார வைக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் மாத எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான தடுப்பூசி) அதே நேரத்தில்தான் வருகிறது. அந்த ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் பெரும்பாலும் வரும். விழாவும் வீடு மாறுவதும் அந்த நாட்களில் விழாமல் கிளினிக்கில் கேட்டுத் தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு மகளையும் அழைத்துக்கொண்டு நீங்களும் போங்கள், போன இடத்தில் உங்களுக்கும் ஒரு நம்பர் எடுங்கள். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு இறுகுகிறது, படபடப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பேரனைப் பிரியப்போகிற துக்கம் அப்படியெல்லாம் செய்யும், அந்தத் துக்கத்துக்கு உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் 58 வயதில் நெஞ்சு இறுக்கத்தைக் கடிதத்தில் படித்துவிட்டு மனசுதான் காரணம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கட்டும், இசிஜி எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசித் தேதிக்கு முன்னாலேயே வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சு வாங்கினால், வியர்த்துக் கொட்டினால், ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழைக்கச் சொல்லுங்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதையும் மிஸியிடம் (நர்ஸிடம்) மறைக்காமல் சொல்லுங்கள்.